ஓடுகிற குதிரையும் போகிற குதிரையும்

கைத்தொலைபேசியில் படங்களை அனுப்பிவிட்டு, "சேர், இதுக்குள்ளை எது நல்லது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எங்கள் கால்நடைத் திணைக்களத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள். கரையோரமாக நாள் முழுக்கக் குதிரையில் போகிற உல்லாசப் பயணம் ஒன்றை யாரோ தொடங்கப் போகிறார்களாம். அதற்குக் குதிரை தெரிவு செய்ய வேண்டுமாம். வந்த படங்களில் ஒன்றிலாவது குதிரையின் காலைக் காணவில்லை. எல்லாம் தலையும் பிடரி மயிரும். பின்னுக்கு நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். "பின்னுக்கு நிண்டு எடுத்தால் வடிவாயிராதே சேர்" என்று பதில் வந்தது. பென்சன் எடுத்து இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுவது இப்படியான பதில்களால்தான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசியுங்கள். வாசிக்காதவர்கள் பிடரி மயிரைப் பார்த்து வாங்குங்கள்.

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்தவன். ஊசி போடுவது, சினைப்படுத்துவது, புல் வளர்க்கச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. ஊரில் எங்களை "மாட்டு டொக்குத்தர்" என்பார்கள். நான் டொக்டர் இல்லை, போதனாசிரியர் என்று முதல் வருடம் முழுக்கத் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். பயிற்சிப் பாடசாலையில் மாடும் ஆடும் கோழியும் படிப்பித்தார்கள். குதிரைக்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தையும் பரீட்சைக்கு வராது என்று ஆசிரியர் தாண்டிவிட்டார். எண்பத்து மூன்றில் புத்தூர்ப் பக்கம் நியமனம் கிடைத்து வந்தபோது, குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு நாலு கால் என்பதுதான்.

மீதியைச் சொல்லித் தந்தவர் எங்கள் மிருக வைத்தியர் அரியரத்தினம். சொல்லித் தந்தார் என்பதைவிட ஏசித் தந்தார் என்பது பொருத்தம். எல்லாரையும் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார். விலங்கைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. சொந்தக்காரன், "சேர், ரெண்டு நாளா..." என்று தொடங்கினால் கையை உயர்த்துவார். "ஐசே, மாட்டை வாயாலையோ பாக்கிறீர்? அதை நடத்தும்." வந்தவுடன் முன்னுக்குப் போகமாட்டார். பின்னுக்குத்தான் போய் நிற்பார், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு. போகும்போது ஒரு தரம் பார்ப்பார், திரும்பி வரும்போது ஒரு தரம் பார்ப்பார். பிறகு புறங்கையால் கால்களைத் தடவிச் சூடு பார்ப்பார். உதட்டை விலக்கிப் பல்முரசில் விரலை அழுத்தி எடுத்து, வெளிறிய இடத்துக்குத் திரும்ப இரத்தம் எவ்வளவு கெதியாக வருகிறது என்று பார்ப்பார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார். எல்லாம் முடிய, வீட்டுக்காரரிடம் கைகழுவச் சவுக்காரம் கேட்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவுக்காரத்துக்கு எங்கே போவது? சாம்பலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்கும் ஒரு ஏச்சு விழும்.

தடைக் காலம் என்றேன். தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் என்பது போத்தலில் வைத்துக் கும்பிடுகிற சாமானாகிவிட்டது. திணைக்கள மோட்டார் சைக்கிள் கொட்டிலில் படுத்திருந்தது. நாங்கள் சைக்கிள் மிதித்தோம். தார் ரோட்டில் அது போதும். கரையோர மணலில் சைக்கிள் சில்லு அச்சுவரை புதையும். அப்போதுதான் மணற்காட்டுக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. காலையில் தொண்டை வீங்கும், மூச்சு இழுக்கும், அநேகமாக அடுத்த நாள் மாடு இருக்காது. கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்கள் அவை. அந்தச் சனத்துக்கு மிஞ்சியிருந்தது நாலைந்து பசுவும் அதன் பாலும்தான். தடுப்பு மருந்து கொழும்பிலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்தாலும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, ஐஸ் கரையமுன் கொண்டுபோய் ஏற்றவேண்டும். திணைக்களக் கந்தோரில் மண்ணெண்ணெயில் வேலைசெய்யும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து கிடைக்கிற ஐஸ் ஒரு பிளாஸ்குக்குத்தான் காணும். மாட்டு வண்டியில் போனால் போய்ச் சேருகிற நேரம் மருந்து தேத்தண்ணியாகியிருக்கும்.

இந்த இடத்தில்தான் வேலுப்பிள்ளை அண்ணை வருகிறார்.

வேலுப்பிள்ளை அண்ணை புத்தூரில் பேர்போன மாட்டுச் சவாரிக்காரர். வண்டிலில் நாம்பன் சோடியைப் பூட்டி ஓடுகிற சவாரியில் அவரை வெல்ல வலிகாமத்தில் ஆளில்லை என்பார்கள். அவரும் அதைத்தான் சொல்வார். கோப்பாயில் ஒரு வசதியான வீட்டார், மலைநாட்டுப் பந்தயத்தில் ஓடிய குதிரையொன்றை ஆசைக்கு வாங்கி வளர்த்தார்கள். சண்டை முற்ற வீட்டோடு வெளிநாடு போனவர்கள், குதிரையை இவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இவர் அதற்கு ராசன் என்று பெயர் வைத்தார். உயரமான செந்நிறக் குதிரை. சவாரி மாட்டுக்கு என்னென்ன கொடுப்பாரோ அத்தனையும் ராசனுக்குக் கொடுத்தார்: எள்ளுப் பிண்ணாக்கு, உழுந்து, நல்லெண்ணெய், முட்டை. பிண்ணாக்கு வேண்டாம் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லியும் கேட்கவில்லை. "என்ரை பிள்ளையளுக்கு முட்டை காட்டி எத்தினை நாள், கேட்டுச் சொல்லுங்கோ" என்று அவருடைய மனைவி என்னிடம் முறையிட்டார். நான் கேட்டேன். "பிள்ளையள் ஓடப்போகுதுகளே?" என்றார் அண்ணை.

மருந்துச் செய்தி அறிந்ததும் அவரே கந்தோருக்கு டொக்டர் அரியரத்தினத்திடம் வந்தார். "சேர், மருந்தை நானும் ராசனும் கொண்டுபோறம். ஒரு ஓட்டம், அவ்வளவுதான்." நோக்கம் நல்ல நோக்கம். அதிலே ஒரு குறையும் சொல்லமாட்டேன். டொக்டரை விட்டால் ஊசி போடத் தெரிந்தவன் நான் மட்டும்தான், நானும் போகவேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

டொக்டர் வேறு ஒரு குதிரையைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். நெடுந்தீவிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புத்துறையில் இருந்த சவிரிமுத்து என்பவர் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்த மட்டக் குதிரை அது. தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற இனம். ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா, தூசு நிறம். அதைக் கண்டதும் வேலுப்பிள்ளை அண்ணை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. "சேர், உது குதிரையோ, ஆடோ?"

கப்பல் வருமுன் ஒரு காலை, டொக்டர் இரண்டையும் கோப்பாய் வெளியொன்றுக்குக் கொண்டுவரச் சொன்னார். இளைய உத்தியோகத்தர்களே, இதைக் கவனமாக வாசியுங்கள்.

முதலில் ராசன். டொக்டர் பின்னுக்குப் போனார். அகன்ற பின்புறம், உருண்டு திரண்ட தசை, இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே ஒரு பனையோலைக் கடகத்தை வைக்கலாம், அவ்வளவு விரிந்த நெஞ்சு. ஊர்ச்சனம் வாயைப் பிளந்தது. டொக்டர் விலாவில் விரலை வைத்து அழுத்தினார், எலும்பு கையில் தட்டவில்லை. நீளமான முதுகு. அந்தப் பாரத்துக்குக் கீழே மெல்லிய முழங்கால், சின்னக் குளம்பு. பிறகு மட்டம். ஒடுங்கிய உடம்பு, ஆனால் நெஞ்சு கீழ்நோக்கி ஆழமாய் இறங்கியிருந்தது. கட்டை முதுகு, சரிந்த தோள், உடம்புக்கு மிஞ்சிய எலும்பு, விரிந்த மூக்குத் துவாரம். நெடுந்தீவுக் கல்லில் நடந்து நடந்து இறுகிய குளம்பு. இரண்டையும் வெளியைச் சுற்றி ஓடவிட்டார். ராசன் பாதியிலேயே மட்டத்தை விட்டுவிட்டுப் பறந்தது. சனம் விசில் அடித்தது. அண்ணை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஐசே, கைதட்டி முடிஞ்சுதோ? இப்பதான் பாக்கப்போறன்" என்றார் டொக்டர்.

அதுதான் அவருடைய முறை. ஓடுகிறதைப் பார்க்கமாட்டார். ஓடிவந்து நிற்கிறதைத்தான் பார்ப்பார். இடது முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் குழாயை வைத்து இருதயத்தைக் கேட்டார். நிழலில் விட்டு, ஒரு சுருட்டைப் புகைத்து முடித்துவிட்டுத் திரும்பவும் கேட்டார். மட்டத்தின் இருதயம் காலையில் கட்டி வைத்திருந்தபோது அடித்த மாதிரியே அடித்தது. ராசனின் வயிறு இன்னும் துருத்திபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வேலுப்பிள்ளை, உம்மடை குதிரை ஓடும். போகாது" என்றார். அண்ணைக்கு விளங்கவில்லை. "பெரிய பானையிலை வடிச்ச சோறு கெதியா ஆறுமோ, கோப்பையிலை போட்டது கெதியா ஆறுமோ?"

"கோப்பையிலை போட்டது."

"உம்மடையது பானை. இந்தத் தசையெல்லாம் வேலை செய்யேக்கை சூடு. அந்தச் சூடு வெளியிலை வர வழியில்லை, மேலை நீர் பிண்ணாக்காலை ஒரு போர்வையும் போர்த்து வைச்சிருக்கிறீர். கிட்டத்திலை ஒரு ஓட்டத்துக்கு உது ராசாதான். நாள் முழுக்கப் போற பயணத்துக்கு உந்த உடம்பு சரிவராது. மருந்து மட்டத்திலை போகும்."

"சேர், அதிலை தம்பி ஏறினால் கால் நிலத்திலை முட்டுமே!"

"முட்டினால் மடக்கி வைச்சிருக்கட்டும்."

அண்ணை விடவில்லை. மட்டத்தின் கழுத்தில் கூடாத சுழி இருக்கிறது என்றார். அரசாங்க மருந்தை ஆடு மாதிரி ஒன்றில் ஏற்றி அனுப்பினால், போகிற வழியெல்லாம் வடமராட்சிச் சனம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். டொக்டர் சாம்பல் போட்டுக் கைகழுவிக்கொண்டு போய்விட்டார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மருந்து வந்தது. அதற்குள் சவிரிமுத்து எனக்கு விழாமல் இருக்கப் பழக்கியிருந்தார். "அது களைச்சால் தானா நிக்கும் தம்பி. நிண்டால் அடியாதை. திரும்பத் தானா வெளிக்கிடும்" என்றார். விடியவெள்ளன, சாக்கை மடித்துச் சேணமாகப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தூர்ச் சந்தியில் ஏறினேன். பார்த்தால், குளிப்பாட்டித் துடைத்து மினுங்குகிற ராசனில் வேலுப்பிள்ளை அண்ணை இருக்கிறார்!

"நான் மருந்துக்கு வரேல்லை. சும்மா துணைக்கு வாறன்" என்றார். "ரோட்டு உங்கடை டொக்குத்தர் வீட்டு ரோட்டோ?"

ஒருவரைக் குதிரையிலிருந்து இழுத்து விழுத்த எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. இருந்திருந்தால் விழுத்தியிருப்பேன்.

வல்லை வெளியில் அவர் என்னை விட்டுவிட்டுப் பறந்தார். அங்காலே போய் நின்று, நான் ஆடி அசைந்து வந்து சேரும்வரை சனத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பவும் ஒரு ஓட்டம். அது சவாரிக்காரரின் பழக்கம். அவருக்குத் தெரிந்த பயணமெல்லாம் ஒரு எல்லையிலிருந்து மற்ற எல்லைக்கு ஒரே மூச்சில் ஓடி முடிவதுதான். மட்டமோ ஒரே சீரான துள்ளு நடையில் போய்க்கொண்டிருந்தது. என் கால் உண்மையிலேயே நிலத்தில் முட்டப் பார்த்தது. பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து சிரித்தார்கள். நெல்லியடிக்கு வந்தபோது ராசனின் கழுத்தெல்லாம் வெள்ளை நுரை.

"அண்ணை, இதோடை காணும். நிழலிலை கட்டித் தண்ணி குடுத்து, பின்னேரம் வெயில் தாழத் திரும்பிப் போங்கோ."

"வேர்வை நல்லதடா தம்பி. உடம்பு இளகுது."

சோளகக் காற்று இன்னும் எழும்பாத நாட்கள். மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கிழக்கே திரும்பி மணல் தொடங்கியதும் ராசனின் கால் ஒவ்வொரு அடிக்கும் புதைந்தது. மட்டத்தின் குளம்பும் புதைந்தது, ஆனால் பாரம் குறைவு, இழுத்து எடுத்து வைத்துக்கொண்டு போனது. சவுக்கமரங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் அண்ணை சந்தோசமாகக் கூப்பிட்டார். "பாத்தியே தம்பி, வேர்வை நிண்டிட்டுது. உடம்பு ஆறீட்டுது!"

அந்த வெயிலில், அந்த மணலில் ஒரு குதிரைக்கு வேர்வை நின்றால், உள்ளே ஊறத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். "இறங்குங்கோ! உடனை இறங்குங்கோ!" என்று கத்தினேன். அவர் இறங்க, ராசன் முன்னங்கால் மடிந்து மணலில் சரிந்தது.

பிளாஸ்கை மரத்தில் மாட்டிவிட்டு டொக்டர் செய்கிற ஒழுங்கிலேயே பார்த்தேன். முரசு கத்தரிக்காய் நிறம். அழுத்திய இடம் வெளிறியபடி நின்றது. கிள்ளிய தோல் கிள்ளியபடியே மடிந்து நின்றது. வெப்பமானியை ஆசனவாயில் வைத்து எடுத்தபோது இரசம் மேல் கோட்டைத் தொட்டிருந்தது. பக்கத்திலே சனம் தோண்டி வைத்த பூவல் இருந்தது, மணலில் ஊறுகிற ஆழமில்லாத நன்னீர்க் குழி. தண்ணீர் அள்ள வந்த இரண்டு பெண்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். கழுத்து நரம்பிலும் துடையின் உட்பக்கத்திலும் ஊற்றச் சொன்னேன். ஊற்றியது சூடேறியதும் கையால் வழித்துவிட்டு, திரும்ப ஊற்றவேண்டும். நிறுத்தக்கூடாது.

"தம்பி, என்ன செய்யிறாய்!" அண்ணை என் கையைப் பிடித்தார். "ஓடிவந்த உடம்பிலை பச்சைத்தண்ணி ஊத்தினால் சன்னி பிடிச்சுச் செத்துப்போகும். சவாரி மாட்டுக்கு நாங்கள் ஊத்திறேல்லை. சாக்காலை மூடி, தேய்ச்சுத்தான் விடுறது."

"அண்ணை, இது மாடில்லை. ஒரு ஓட்டம் ஓடி வந்ததுமில்லை. உள்ளுக்கை வேகுது. ஊத்தினால்தான் பிழைக்கும்."

"மெய்யே?"

"மெய். என்ரை தலையிலை அடிச்சுச் சொல்லுறன்."

வாளி வாளியாக ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் ராசன் காதை அசைத்தது. கண்ணைத் திறந்து பார்த்தது. அண்ணை அதன் மூக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, "என்ரை ராசா, என்ரை ராசா" என்று அழுதார். நான் பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது.

"அண்ணை, நான் போகவேணும்."

"என்னை விட்டுட்டுப் போகாதை தம்பி."

"அங்கை மாடுகள் காத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் இதையே செய்துகொண்டிருங்கோ. நான் வரும்வரைக்கும் தண்ணி நிக்கக்கூடாது. விளங்குதே?"

"ஓம் தம்பி. ஊத்துறன்."

போனேன். போனது சரி. இன்றைக்குக் கேட்டாலும் போவேன். குடியிருப்பில் ஒரு கிழவர் தன் செத்த பசுவின் பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் ஊசி அந்தக் கன்றுக்குப் போட்டேன். வேலிக்கு வேலி போய், கட்டி நின்றவற்றுக்கும் கட்டாமல் திரிந்தவற்றுக்கும் போட்டு முடித்தபோது பிளாஸ்கில் குளிர் இன்னும் இருந்தது. மட்டம் ஒரு வேலியோரம் அடம்பன் கொடியைக் கறித்துக்கொண்டு நின்றது. இருதயத்தில் கைவைத்துப் பார்த்தேன். அதற்கு ஒன்றுமேயில்லை.

வெயில் தாழத் திரும்பி வந்தேன். தூரத்திலேயே தெரிந்தது. தண்ணீர் அள்ளிய பெண்களில் ஒருவர் வழியிலேயே என்னிடம் ஓடிவந்தார்.

"ஐயா, நாங்கள் ஊத்திக்கொண்டுதான் இருந்தனாங்கள். நீங்கள் அங்காலை மறைய, அது ஒருக்கா நடுங்கிச்சுது. உடனை அந்தாள் வாளியைப் பறிச்சு எறிஞ்சுபோட்டார். கிட்டப் போகவும் விடேல்லை."

ராசன் சாக்கால் போர்த்தபடி செத்துக் கிடந்தது. சாக்குக்கு மேலே அண்ணையின் சட்டை. அதற்கு மேலே அவருடைய சால்வை. ஒரு காற்றும் புகாமல் ஓரங்களை மண்ணுக்குள் செருகியிருந்தார். அவர் கையெல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது.

ஏசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எவ்வளவு சொல்லியிருந்தேன்! தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தேன். ஐந்து வருடம் பிண்ணாக்கு வேண்டாம் என்று சொன்னேன், போகாது என்று டொக்டர் சொன்னார், நெல்லியடியில் நில் என்று சொன்னேன். இந்த மனிசனுக்கு எதையாவது சொல்லி விளங்கவைத்த ஒருவர் உண்டா? கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

"நடுங்கிச்சுது தம்பி" என்றார். "குளிருது எண்டு நினைச்சிட்டன்."

ராசனை அங்கேயே மணலில் தாட்டோம். குடியிருப்பு ஆட்கள் வந்து குழி வெட்டினார்கள். மட்டத்தில் ஏறுங்கள் என்று அண்ணையிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "வேண்டாம். உந்தச் சின்னதையும் நான் சாக்கொல்லவோ?" என்னையும் ஏறவிடவில்லை. கயிற்றை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் மேலோடு முன்னால் நடந்தார். மணல் முடிந்து ரோட்டுக்கு வந்தோம்.

ரோட்டோரம், மாடுகள் தண்ணீர் குடிக்கவென்று கட்டிவிட்ட கேணி ஒன்று இருந்தது. அங்கே மட்டத்தை நிறுத்தினார். அது குனிந்து குடித்தது. குடித்து முடிந்ததும் அவர் கேணிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அதன் கழுத்தில் ஊற்றினார். வழித்துவிட்டார். திரும்பவும் அள்ளி ஊற்றினார். துடையின் உட்பக்கத்தில் ஊற்றினார், வழித்தார், நான் சொன்ன அதே ஒழுங்கில், ஒன்றும் தவறாமல். மட்டத்தில் சூடே இருக்கவில்லை. வெயிலும் போய்விட்டது. அதற்கு அந்தத் தண்ணீர் தேவையேயில்லை.

"சரியோ தம்பி?" என்று கேட்டார். "இப்பிடித்தானே?"

"ஓம் அண்ணை" என்றேன். "இப்பிடித்தான்."